பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வருவார்கள்

பலெர்மோ நகரின் சீசா பகுதியில் நாங்கள் மருந்து வாங்கும் கடையில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நான் உள்ளே நுழைந்ததும் அங்கே நிற்கும் பெண் வரிசையில் உள்ளவர்களிடம், இவர் கேர்கிவர், முதலில் விடுங்கள் என்பாள். வேறு ஒரு ஆங்கிலச் சொல்லும் தெரியாத சிசிலிக் கிழவிகள்கூட அந்தச் சொல்லை இழுத்துச் சொல்லிக்கொண்டு விலகி வழிவிடுவார்கள். என் ஆறு வயது மகள் மிதுலாவைப் பார்த்துக்கொள்வதுதான் அந்த வேலை. பிறந்ததிலிருந்தே அவளுக்குத் தசைகளில் பலமில்லை. கழுத்தில் துளையிட்டு வைத்த குழாயால் மூச்சு விடுகிறாள், வயிற்றில் வைத்த குழாயால் சாப்பாடு போகிறது. மூச்சுக் குழாயில் சளி அடைத்தால் உடனே மெசினால் உறிஞ்சி எடுக்க வேண்டும். பிந்தினால் பிள்ளையின் உதடு நீலமாகிவிடும். குரல் இல்லாதபடியால் அவளால் கூப்பிட முடியாது. அதனால் யாராவது ஒருவர் எந்நேரமும் அவளுடைய நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

என் மனைவி சுகந்தி ஒரு வக்கீல் வீட்டில் துப்புரவு வேலை செய்கிறாள். நாங்கள் இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதிப் பத்திரம், பெர்மெஸ்ஸோ, அந்த வேலையில் தங்கியிருக்கிறது. ஆகவே வேலையை விட வேண்டியவன் நானானேன். பத்து வருடம் நின்ற உணவகச் சமையலறையை விட்டு வீட்டுக்கு வந்தேன். இப்படிப்பட்ட பிள்ளையைப் பார்க்கும் பெற்றோருக்கு அரசாங்கம் மாதாமாதம் பணம் தரும், விண்ணப்பியுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது நான் நம்பவில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அம்மா உடனே, "பெத்த பிள்ளையைப் பாக்கிறதுக்கு ஆரடா சம்பளம் தருவினம்? காசு தாறவை வீட்டுக்க வந்து கேள்வியும் கேப்பினமெல்லே" என்றார்.

கேட்க வந்தார்கள். சமூக சேவை அலுவலகத்திலிருந்து ஒரு தொத்தொரெஸ்ஸா (படித்த உத்தியோகப் பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்), அவருடன் ஒரு தாதி. செருப்பைக் கழற்றவா என்று வாசலிலேயே கேட்டார்கள். மிதுலாவின் கையைப் பிடித்து வணக்கம் சொன்னார்கள். அந்த மரியாதைதான் எனக்குப் பயத்தைத் தந்தது. சண்டைக் காலத்தில் ஊரில் எங்கள் வீட்டுக்கும் இப்படித்தான் இயக்க ஆட்கள் வந்தார்கள். முற்றத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு, அம்மா, அப்பா என்று அன்பாகக் கதைத்தார்கள். வீட்டில் எத்தனை பிள்ளைகள், என்ன வயது என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் அம்மா ஓம், ஓம் என்றார். ஓம் என்று சொன்னால் கெதியாகப் போய்விடுவார்கள் என்பது அவருடைய எண்ணம். ஒரு கிழமைக்குள் திரும்பி வந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அக்கா பிறகு வரவில்லை.

தாதி நான் சளி எடுப்பதைப் பார்த்துத் தலையாட்டினார். தொத்தொரெஸ்ஸா என்னிடம், உங்களுக்குச் சுகமில்லாமல் வந்தால் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். எப்போது நித்திரை கொள்ளுவீர்கள் என்று கேட்டார். சுகந்தி வேலையால் வந்த பிறகு கொஞ்சம் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வேகமாக ஏதோ சொல்லத் தொடங்கினார். எனக்குப் பிடிபட்டவை இரண்டே: 'ரிக்கோவெரோ', அதாவது ஆஸ்பத்திரியில் வைத்திருப்பது, மற்றது, இரண்டு கிழமை. அவர் சொல்லி முடித்ததும் நான் "சீ, சீ" என்றேன். இத்தாலிய மொழியில் அதுதான் ஓம், ஓம்.

இஞ்சை இருக்கும் எங்கள் ஆட்களிடம் ஒரு கதை உலவுகிறது. அலுவலகக்காரர் வந்து பார்த்துவிட்டு, இவர்களால் வளர்க்க முடியாது என்று ஒரு தமிழ்க் குடும்பத்தின் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். எந்தக் குடும்பம் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாததாலேயே அது என் வீட்டுக் கதை போலவும் இருந்தது. சில நாட்களில் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வியாழக்கிழமை காலை அம்புலன்ஸ் வரும், பிள்ளையின் உடுப்புகளை ஆயத்தமாக வையுங்கள் என்றார்கள்.

சுகந்தி வேலையால் வந்ததும் சொன்னேன். அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நீங்கள் ஓமெண்டு சொன்னனீங்களே?"

"விளங்கேல்லை. அதாலை ஓமெண்டிட்டன்."

அவள் என்னை ஏசவில்லை. மிதுலாவின் உடுப்புகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். அம்புலன்ஸுக்காக அல்ல என்று எனக்குத் தெரிந்தது.

புதன்கிழமை பின்னேரம் அன்ரன் வான் கொண்டுவந்தான். மன்னாரைச் சேர்ந்த சிநேகிதன், நகருக்கு வெளியே சியாகுல்லியில் மண்டரின் பழத் தோட்டத்தில் வேலை. தோட்டத்துக்குள் அவன் தங்கியிருக்கும் அறையில் சில நாட்கள் இருக்கலாம், அதற்குள் ஒரு வக்கீலைப் பிடிக்கலாம் என்று கதைத்துக்கொண்டோம். சுகந்தி பிள்ளையை மடியில் வைத்திருந்தாள், நான் பற்றரியில் கொஞ்ச நேரம் ஓடக்கூடிய மெசினைக் கட்டிப்பிடித்திருந்தேன். பிரான்காச்சோவைத் தாண்டித் தோட்டங்களுக்கு நடுவே ஒடுங்கிய ரோட்டில் போகும்போது மிதுலாவின் நெஞ்சு ஏறி, இறங்காமல் நின்றது. மெசினைப் போட்டேன். சளி வரவில்லை. குழாய்க்குள் அது காய்ந்து இறுகிவிட்டது. குழாயையே கழற்றிவிட்டு, பையில் இருக்கும் புதியதைப் போடுவதுதான் ஒரே வழி. அதைத் தாதி பக்கத்தில் நிற்காமல் நான் ஒருபோதும் செய்ததில்லை.

வானை நிறுத்தச் சொன்னேன். சீற்றில் அவளைக் கிடத்தினோம். சுகந்தி தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்தாள். அன்ரன் கதவடியில் நின்று மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பழைய குழாயை இழுத்ததும் என் பிள்ளையின் கழுத்தில் அந்தச் சிறிய ஓட்டை மட்டும் தெரிந்தது. அவளுடைய கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. முதல் தரம் போகவில்லை. இரண்டாம் தரம் போனது. ஒரு இருமல், பிறகு காற்று. உதட்டில் நிறம் திரும்பியது. அதன் பிறகு சுகந்தி, "வானைத் திருப்புங்கோ அன்ரன். ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றாள்.

எவர்களிடமிருந்து பிள்ளையை ஒளிக்கப் போனோமோ, அவர்களிடமே நாங்களாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். செய்தி அறிந்து தொத்தொரெஸ்ஸா வந்தார். பிள்ளையைத் திருப்பித் தருவீர்களா என்று எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் கேட்டேன். "நான் எப்படித் திருப்பித் தருவது?" என்றார். நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். வக்கீல் வீட்டில் வேலை செய்வதால் என்னைவிட மொழி தெரிந்த சுகந்திதான் பக்கத்தில் குந்தியிருந்து, அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்ததை எனக்குச் சொன்னாள்: "மிதுலா உங்கடை பிள்ளையாம். தான் எடுத்தால்தானே திருப்பித் தாறதுக்கு எண்டு கேக்கிறா. நீங்கள் விழுந்துபோவியள் எண்டுதானாம் அவவுக்குப் பயம்." வீட்டில் பார்ப்பவர்கள் நித்திரை கொள்வதற்காகப் பிள்ளையை இரண்டு கிழமை ஆஸ்பத்திரி பார்க்கும் ஏற்பாடாம் அது. அதற்குச் 'சொல்லியேவோ' என்று பெயர், பாரத்தை இறக்கி வைப்பது மாதிரி. அன்றைக்கு அந்தச் சொல்லைத்தான் நான் தவறவிட்டிருக்கிறேன்.

அந்த இரண்டு கிழமையும் நாங்கள் நித்திரை கொண்டோம் என்று சொல்ல முடியாது. மெசின் சத்தம் இல்லாத வீட்டில் மாறி மாறித் திடுக்கிட்டு எழும்பினோம். வெயில் காலம் தொடங்க அரசாங்கப் பணம் வரத் தொடங்கியது, இப்போதும் வருகிறது. ஆனால் பயம் போகவில்லை, வேறு இடத்துக்கு மாறியிருக்கிறது. வருடந்தோறும் வந்து பார்ப்பார்கள். பிள்ளையின் நிலை கடுமையாக இருக்கும்வரைதான் இந்தப் பணம். ஊரில் இருக்கும் அம்மா, அவளைக் காட்ட ஒருக்கால் கூட்டிக்கொண்டு வா என்கிறார். அங்கை மணிக்கணக்காகக் கரண்ட் நின்றால் மெசினும் நிற்கும். அங்கை கொண்டுபோனால் பிள்ளை தங்காது. இஞ்சை தேறினால் எங்களைத் தாங்கும் பணம் தங்காது.

பிள்ளையைத் திரும்பக் கூட்டி வந்த நாளைச் சொல்கிறேன். குழாயின் வாயில் ஒரு சின்ன மூடியைப் போட்டுப் பழக்கியிருக்கிறோம், சத்தம் வரலாம், வராமலும் விடலாம் என்று தாதி சொல்லியிருந்தார். சக்கர நாற்காலியை நான் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். சுகந்தி குனிந்து, "வீட்டை போவமா பிள்ளை?" என்று கேட்டாள்.

"அமுனீ" என்றாள் மிதுலா.

போவம் வா என்பதற்குச் சிசிலிச் சொல் அது. எங்கள் ஜன்னலுக்குக் கீழே பந்தடிக்கும் பெடியள் நாள் முழுக்கக் கத்துவது. கரகரத்த, சின்னக் குரல். என் மகளின் குரல் இப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். சுகந்தி அழுதுகொண்டே அவளை முத்தமிட்டாள். நானும் சிரித்தேன். சிரித்தபடியே தலையைத் திருப்பி, அலுவலகக்காரர் யாராவது அதைக் கேட்டுவிட்டார்களோ என்று பார்த்தேன்.