செத்த மீனும் பொய் மழையும்

பிள்ளைகளைச் சத்தமில்லாமல் உட்கார வைப்பது எப்படி என்று யாராவது என்னிடம் கேட்டால், முதலில் கீழ்வீட்டில் யார் தூங்குகிறார்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் புனே பக்கத்தில் நிக்டியில் குடியிருந்தோம். மூன்று மாடிக் கட்டடம். என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் வேலை பார்த்தார். நாங்கள் இரண்டாவது மாடி. எங்களுக்கு நேர் கீழே ஒரு மராட்டித் தம்பதி. அந்த அம்மாள் என்னை 'வஹினி' என்று கூப்பிடுவார். நானும் அவரை 'வஹினி' என்றுதான் கூப்பிடுவேன். அண்ணி என்று அர்த்தம். இப்படி ஒருவருக்கொருவர் அண்ணியாகவே வருஷக்கணக்கில் காலம் தள்ளினோம்.

அந்த மே மாத விடுமுறையில் வெயில் தாங்க முடியவில்லை. காலையில் பிள்ளைகள் கீழே கிரிக்கெட்டும், ஏழு கல்லை அடுக்கிப் பந்தால் அடிக்கிற லகோரியும் ஆடி, முகமெல்லாம் தக்காளி மாதிரி சிவந்து மேலே வருவார்கள். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை யாரையும் வெளியே விடக் கூடாது என்று எங்கள் கட்டடத்து அம்மாக்கள் எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். அவர்களை எங்கே விடுவது என்பதையும் ஒருமனதாகவே முடிவு செய்தார்கள். எங்கள் வீட்டில். எங்களிடம் சோபா இல்லை, ஆகவே ஹால் பெரிது என்று காரணம் சொன்னார்கள்.

எனக்கு எட்டு வயதில் ஒரு மகன், ஐந்து வயதில் ஒரு மகள். அவர்களோடு மற்ற வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்தால் ஒரு டஜனுக்குக் குறையாது. பாதி தமிழ்ப் பிள்ளைகள், பாதி மராட்டிப் பிள்ளைகள். சண்டை மட்டும் எல்லோருக்கும் ஹிந்தியில்தான்.

மூன்றாம் நாளே கீழ்வீட்டு வஹினி மேலே வந்தார். அவர் கோபமாக வரவில்லை, அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

"வஹினி, தப்பா எடுத்துக்காதீங்க. இவருக்கு இந்த மாசம் முழுக்க நைட் ஷிப்ட். பகல்லதான் தூங்கணும். மேலே திம் திம்னு குதிச்சா பாவம் எப்படித் தூங்குவார்?" என்று ஹிந்தியில் கேட்டார்.

அவர் கணவர் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்ப்பவர். தகட்டை மெஷினில் வைத்து நாளெல்லாம் அடிக்கிற இடம். இரவு முழுக்க அந்த இடியைக் கேட்டுவிட்டு வருகிற மனுஷருக்குப் பகலிலாவது நிம்மதி வேண்டாமா? நான் மன்னிப்புக் கேட்டு, நாளை முதல் ஒரு சின்னச் சத்தம்கூட வராது என்று வாக்குக் கொடுத்தேன். அதை எப்படி நிறைவேற்றுவது என்று மட்டும் யோசிக்கவில்லை.

மறுநாள் எல்லோருக்கும் ஆளுக்கொரு டம்ளர் கோகம் சர்பத் கொடுத்து வட்டமாக உட்கார வைத்தேன்.

"இனிமே யாரும் பேசக் கூடாது. கடைசி வரைக்கும் பேசாம இருக்கறவங்கதான் ராஜா."

சொல்லி முடிப்பதற்குள் ஒருவன், "ஆன்ட்டி, அவன் பேசறான்!" என்றான். "நான் பேசல, நீதான் பேசற!" என்றான் மற்றவன். "ரெண்டு பேரும் அவுட்!" என்று கத்தினாள் ஒருத்தி. "அப்ப நீயும் அவுட்!" என்று மிச்சம் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து கத்தினார்கள். ராஜா யாரும் இல்லாமலே அந்த ராஜ்ஜியம் முடிந்தது.

அடுத்து, காதில் ரகசியம் சொல்லும் விளையாட்டு. வரிசையில் முதல் பிள்ளையின் காதில் நான் ஒரு வாக்கியம் சொல்வேன். அது காது காதாகப் போய்க் கடைசிப் பிள்ளை உரக்கச் சொல்ல வேண்டும். கிசுகிசுப்பாகத்தானே பேச வேண்டும், சத்தம் எப்படி வரும் என்று நினைத்தேன். "மாமா மொட்டை மாடியில் மாம்பழம் தின்றார்" என்று சொல்லி அனுப்பினேன். வரிசையின் நடுவில் ஒரு மராட்டிப் பையனுக்கு மொட்டை மாடி புரியவில்லை. பக்கத்திலிருந்த என் மகனிடம் கேட்டிருக்கிறான். என் மகன் மாடியை விட்டுவிட்டு மொட்டையை மட்டும் ஹிந்தியில் பெயர்த்துக் கொடுத்திருக்கிறான்.

அன்று வியாழக்கிழமை, கம்பெனிக்கு வார விடுமுறை. உள் அறையில் படுத்திருந்த என் வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்க ஹாலுக்கு வந்தார். அவருக்கு அப்போதுதான் முன்தலையில் முடி கொட்டத் தொடங்கியிருந்த நேரம். அதற்காகக் காலையும் மாலையும் ஏதோ எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். சரியாக அவர் வாசற்படியில் நிற்கும்போது கடைசிப் பிள்ளை எழுந்து, "மாமா டக்லா!" என்று அறிவித்தது.

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. டக்லா என்றால் வழுக்கை. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "ஏளா, இதைத்தான் சொல்லிக் குடுக்கியா?" என்று கேட்டுவிட்டு, தண்ணீர் குடிக்காமலே திரும்பிப் போனார்.

கடைசியில் கைகொடுத்தது செத்த மீன். எல்லோரும் தரையில் மல்லாந்து படுக்க வேண்டும். கண் மூடியிருக்க வேண்டும். கை கால் அசையக் கூடாது. அசைந்தால் உயிர் வந்துவிட்டது என்று அர்த்தம். எழுந்து ஓரமாகப் போய் உட்கார வேண்டும்.

முதலில் சந்தேகங்கள் நிறைய வந்தன.

"ஆன்ட்டி, செத்த மீன் மூச்சு விடலாமா?"

"விடலாம்."

"மூக்கு அரிச்சா?"

"செத்த மீனுக்கு அரிக்காது."

"எனக்கு அரிக்குதே!"

"அப்ப நீ இன்னும் சாகல. சீக்கிரம் செத்துப் படு."

இதை நான் உரக்கவே சொன்னேன். தமிழ் தெரிந்தவர்கள் யாராவது வாசலில் நின்று கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ, தெரியாது. ஆனால் காலை ஆட்டத்தின் களைப்பும், சர்பத்தின் குளிர்ச்சியும், மொசைக் தரையும் சேர்ந்துகொண்டன. கொஞ்ச நேரத்தில் வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும்தான். பிள்ளைகள் நிஜமாகவே தூங்கிப் போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓசைப்படாமல் அடுப்படிக்குப் போய் டீ போட்டேன்.

டீ கொதிக்கும்போது யாரோ படியில் தடதடவென்று ஓடி வந்தார்கள். காற்றுக்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். ஹாலிலிருந்து, "அரே தேவா!" என்று ஓர் அலறல் கேட்டது.

ஓடிப் போய்ப் பார்த்தேன். கீழ்வீட்டுக்காரர், பனியனும் பைஜாமாவுமாக, தலைமுடி குத்திட்டு நிற்க, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் காலடியில் ஹால் முழுக்கப் பிள்ளைகள் வரிசையாக மல்லாந்து கிடந்தார்கள். ஓரிரண்டு வாய்கள் திறந்திருந்தன.

"காஸா? காஸ் லீக்கா?" என்று கத்திக்கொண்டே ஜன்னலை நோக்கிப் பாய்ந்தார். போகிற வழியில் ஒரு செத்த மீனின் விரலை மிதித்தார். அது உயிர் பெற்று ஊரையே கூட்டியது. கூடவே மற்ற மீன்களும் எழுந்தன. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஒரு அம்மாள் தன் பிள்ளையை வாரி எடுத்து அணைத்துக்கொண்டு அழவே தொடங்கிவிட்டார். அந்தப் பிள்ளையோ, "விடும்மா, நான்தான் கடைசி வரைக்கும் செத்திருந்தேன்!" என்று திமிறியது.

எல்லாம் விளையாட்டு என்று மூன்று மொழிகளில் விளக்கி முடிப்பதற்குள் டீ பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. கூட்டம் கலைந்த பிறகு நான் கீழ்வீட்டுக்காரரிடம், "உங்க தூக்கம் கெடக் கூடாதுன்னுதான் இதெல்லாம் செய்தேன். நீங்க ஏன் எழுந்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். பின்னால் வந்து நின்றிருந்த மனைவியை ஒருமுறை பார்த்தார்.

"சத்தமே இல்லியே வஹினி. பிரஸ் ஷாப்ல மெஷின் நின்னு போச்சுன்னா ஏதோ ஆபத்துன்னு அர்த்தம். யாருக்காவது கை போயிருக்கும். இங்கே திடீர்னு எல்லாம் நின்னு போச்சு. அதான் ஓடி வந்துட்டேன். இத்தனை நாளும் நல்லாத்தான் தூங்கினேன்."

வஹினியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "நல்லா தூங்கினீங்களா? உங்களுக்காக நான் மேலே வந்து சண்டை போட்டேனே!" என்றார். எங்களுக்குள் சண்டையே நடக்கவில்லை என்பதை நான் நினைவூட்டவில்லை.

ஆக, குதிக்கவும் வேண்டாம், சாகவும் வேண்டாம். நடுவாந்தரமாக ஏதாவது சத்தம் வந்துகொண்டிருந்தால் போதும் என்று ஏற்பாடு. அதற்கு என் மகள் ஒரு வழி சொன்னாள். அவள் பாலர் பள்ளி டீச்சர் சொல்லிக் கொடுத்ததாம். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, முதலில் உள்ளங்கைகளை மெதுவாகத் தேய்க்க வேண்டும். அது காற்று. பிறகு இரண்டு விரலால் உள்ளங்கையில் தட்டினால் தூறல். தொடையில் தட்டினால் மழை. இரு கையாலும் தரையில் தட்டினால் அடைமழை. பிறகு அதே வழியில் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்த வேண்டும்.

செய்து பார்த்தோம். அப்படியே மழை! கண்ணை மூடிக்கொண்டால் எனக்கே உடம்பு குளிர்ந்தது. எந்தப் பிள்ளையும் பேசவில்லை. பேசினால் மழை கெட்டுவிடும் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது.

அடைமழை உச்சத்தில் இருந்தபோதுதான் கீழிருந்து வஹினியின் குரல் கிளம்பியது.

"பாவுஸ் ஆலா! பாவுஸ் ஆலா! குர்டயா!"

மழை வந்துவிட்டது என்கிறார். குர்டயா என்பது கோதுமைப் பாலைக் கிளறி, இடியாப்பம் போலப் பிழிந்து காயவைக்கிற வற்றல். மே மாதத்தில் எங்கள் மொட்டை மாடி முழுக்க அதுதான் விரித்துக் கிடக்கும். ஒரு மழை பட்டால் வருஷத்துச் சேமிப்பு போச்சு. படியெங்கும் கதவுகள் திறந்து மூடின. பெண்கள் கையில் கிடைத்த தட்டு, வாளி, பெட்ஷீட்டுடன் மேலே ஓடினார்கள்.

நானும் ஓடினேன். இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. மழையைப் பெய்வித்தவளே நான்தான். ஆனாலும் நான் பிழிந்த கூழ் வடகமும் மேலே காய்ந்துகொண்டிருந்ததே! "பாவுஸ்" என்று காதில் விழுந்ததும் கால்கள் என்னைக் கேட்கவில்லை.

மேலே தீயாய்க் கொளுத்துகிறது வெயில். செருப்பில்லாமல் வந்தவர்கள் எல்லோரும் ஒற்றைக் காலில் மாறி மாறிக் குதித்தார்கள். பாதிக் குர்டயாவை ஏற்கனவே பெட்ஷீட்டுக்குள் அள்ளிப் போட்டுவிட்டார்கள். வஹினி இரண்டு கையையும் நீட்டி வானத்தைப் பார்த்தார். மேகம் என்று பேருக்குக்கூட ஒன்றில்லை.

"பெய்ஞ்சுதே! நான் காதால கேட்டேன்!" என்றார்.

அப்போது படிவாசலில் பிள்ளைகள் கூட்டமாக வந்து நின்றார்கள். என் மகள் முன்னால் வந்து, "நாங்கதான் பெய்ய வெச்சோம்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

வஹினிதான் முதலில் சிரித்தார். சிரித்துச் சிரித்து, கையிலிருந்த தட்டோடு தண்ணீர்த் தொட்டியின் நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. பெட்ஷீட்டை விரித்துப் பார்த்தால், பாதி காய்ந்த குர்டயா எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, பெரிய பந்தாகக் கிடந்தது. அதைப் பிரித்து வைக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தண்டனை கொடுத்தார்கள். அந்த விடுமுறையிலேயே அவர்கள் மிக அமைதியாக உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். அரைக்காய்ச்சல் குர்டயா தின்ன நன்றாக இருக்கும். எல்லோர் வாயும் நிறைந்திருந்தது.

மழைச் சத்தத்தில் அசந்து தூங்கிய கீழ்வீட்டுக்காரர் இந்த அமளி எதிலும் எழுந்திருக்கவில்லையாம்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. வீடு வெறிச்சென்று ஆயிற்று. மழைக்காலம் இன்னும் தொடங்கவில்லை. ஒரு மத்தியானம் வஹினி தயங்கித் தயங்கி மேலே வந்தார்.

"இவருக்கு இந்த மாசமும் நைட் ஷிப்ட். புரண்டு புரண்டு படுக்கிறார். தூக்கமே வரல. அந்த மழை..." என்று இழுத்தார்.

நான் கதவைச் சாத்தினேன். நாங்கள் இரண்டு பேரும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஹால் நடுவில் எதிரெதிரே உட்கார்ந்தோம். தேய்த்தோம், தட்டினோம், தொடையில் அடித்தோம். தூறல் வரைக்கும் ஒழுங்காகப் போயிற்று. அடைமழை வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டோம். சிரிப்பை அடக்க வஹினி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு ஒரு கையால் மட்டும் பெய்தார். ஆனாலும் கைவலிக்கும் வரை நிறுத்தவில்லை.

சாயங்காலம் இருவரும் என் பால்கனியில் நின்று டீ குடித்தோம். கீழே வஹினியின் கணவர் பால் வாங்கக் கிளம்பினார். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். வெயிலில் இன்னும் கண் கூசியது. அவர் வாசலில் நின்று தரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். பேண்ட்டை ஏற்கனவே முழங்கால் வரை மடித்து விட்டிருந்தார்.

"சொல்லிடலாமா?" என்றேன்.

"வேண்டாம் வஹினி," என்றார் வஹினி. "வெயிலுக்கும் குடை நல்லதுதானே."