உறுமலின் ஆறு குழாய்கள்

அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. மின்கட்டண ரசீதைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. தெருவுக்கு அவன் உறுமல். பரம சாதுவாகப் போய்க்கொண்டிருக்கும் காரை அவனிடம் விட்டால் போதும், ஒரு மாதத்தில் அது தூங்குகிற குழந்தையையெல்லாம் எழுப்பிவிட்டுப் போகும். காசைக் கொடுத்து சத்தத்தை வாங்குகிற புண்ணியவான்கள் இத்தனை பேரா என்று கேட்காதீர்கள். வரிசையில் நிற்கிறார்கள்.

டயர்க் கடைக்குப் பின்னால் நீளமான தகரக் கொட்டகை. அதுதான் அவன் பட்டறை. உள்ளே நுழைந்தவுடன் கண்ணில் படுவது கார்கள் அல்ல, சுவர். சுவர் முழுக்கக் கொக்கி போட்டு, கழற்றிய பழைய சைலன்சர்களை மாட்டி வைத்திருப்பான். ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் வண்டி நம்பர் எழுதியிருக்கும். இந்தத் தொழிலில் ஒரிஜினல் குழாயை எவனும் தூக்கிப் போட மாட்டான். வருடத்துக்கு ஒருமுறை வண்டியைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டியாக வேண்டுமே. அன்றைக்கு மட்டும் உறுமுகிற குழாயை அவிழ்த்துவிட்டு ஒரிஜினலை மாட்டுவார்கள். வண்டி நல்ல பிள்ளையாகப் போய்த் தேர்ச்சி வாங்கிக்கொண்டு வரும். மறுநாளே மறுபடி அவிழ்ப்பு, மறுபடி உறுமல். பட்டறை பாஷையில் இதற்கு வேஷம் போடுவது என்று பெயர். எல்லாருக்கும் தெரிந்த கதைதான். யாரும் மூச்சு விடுவதில்லை, அவ்வளவுதான்.

இதில் கூத்து என்னவென்றால், அந்தப் பரிசோதனைக் கூடத்தில் வண்டிகள் வந்து நிற்கிற இரண்டாவது வரிசைக்கு உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற அதிகாரி உறுமலின் சொந்த அண்ணன்.

அப்பா போனபோது அண்ணனுக்கு இருபது வயது, இவனுக்கு எட்டு. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கூடத்தில் எடுபிடியாகச் சேர்ந்தவர், பரீட்சை மேல் பரீட்சை எழுதி அதிகாரி ஆனார். தம்பியைக் குளிப்பாட்டியது, பள்ளிக்கு அனுப்பியது, படிப்பு ஏறாது என்று தெரிந்ததும் தலையில் அடித்துக்கொள்ளாமல் தொழிற்பயிற்சியில் சேர்த்தது எல்லாம் அவர்தான். முதல் வெல்டிங் மெஷினை வாங்கி, மூன்று தெரு தோளில் சுமந்து வந்து இறக்கியவரும் அவரே. தம்பி சொந்தமாகப் பட்டறை போட்டான். என்ன தொழில் என்று தெரிந்த அன்றைக்கு அண்ணன் டயர்க் கடை வாசலோடு நின்றுவிட்டார்.

"உன் வேலையை நான் பார்க்க மாட்டேன். பார்த்தா எழுத வேண்டியிருக்கும். என் வரிசைக்கு உன் வண்டி வரக்கூடாது."

சொன்னபடியே இருபத்திரண்டு வருடம் அந்தக் கொட்டகைக்குள் அவர் காலை வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். பிள்ளைகளின் மார்க், அண்ணியின் மூட்டு வலி, மேல்வீட்டுக்காரனின் அட்டகாசம் எல்லாம் பேசுவார்கள். தொழில் பேச்சு மட்டும் வராது. உறுமலும் சொன்ன சொல் தவறவில்லை. அண்ணனுக்குப் புதன்கிழமை விடுமுறை. அவனுடைய வண்டிகள் எல்லாம் புதன்கிழமைதான் போகும். புதன் அன்று அந்த வரிசையில் உட்காருபவர் நாற்காலியைத் தேய்ப்பதற்கென்றே பிறந்த மனிதர். பானெட்டைத் திறப்பதற்குக் கூட எழுந்திருக்க மாட்டார்.

இப்படியே போயிருந்தால் இந்தக் கதையைச் சொல்லவே வேண்டியதில்லை. பல் டாக்டர் வந்து சேர்ந்தார்.

டாக்டரிடம் பதினெட்டு வருடப் பழைய கறுப்பு சொகுசுக் கார் ஒன்று இருந்தது. ஆறு சிலிண்டர். உள்ளே தோல் இருக்கை, மரப்பலகை வைத்த டேஷ்போர்டு, கதவைச் சாத்தினால் வெளியுலகமே கேட்காது. ஒரு காலத்தில் பெரிய மனிதர்கள் பின்சீட்டில் சாய்ந்துகொண்டு போன வண்டி. நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்து வெறுத்துப்போயிருந்த டாக்டருக்கு அந்த வண்டி வாயைத் திறந்து கத்த வேண்டும் என்று ஆசை.

உறுமல் அந்த இன்ஜினைப் பார்த்ததும் சொக்கிப் போனான். மற்ற வண்டிகளுக்கு ஒரு குழாயை வெட்டி இன்னொன்றை ஒட்டி அனுப்பிவிடுகிறவன், இதற்கு ஐந்து மாதம் எடுத்துக்கொண்டான். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி, காற்று வந்துபோகிற வழிகளைக் கையாலேயே தேய்த்து வழவழப்பாக்கினான். வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்டை மாற்றினான். இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகிற பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைத் தூக்கிவிட்டு, துருப்பிடிக்காத எஃகில் ஆறு குழாய்கள் செய்தான். ஆறும் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஆனால் இன்ஜினிலிருந்து ஆறும் வெவ்வேறு இடத்தில் கிளம்புகின்றன. அதனால் ஒன்றை வளைத்து, ஒன்றைச் சுற்றி, ஒன்றைக் கீழே நுழைத்து, எல்லாவற்றையும் ஒரே வாயில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். மூன்று தடவை செய்து மூன்றையும் வெட்டிப் போட்டான். நாலாவது தடவை அமைந்தது. வெல்டிங் ஓட்டம் ஒவ்வொன்றும் நாணயங்களை அடுக்கிச் சாய்த்து வைத்த மாதிரி ஒரே சீராக இருந்தது. அவன் வாழ்நாளில் அதற்கு முன்னால் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. அவனுக்கே அது தெரியும்.

ஸ்டார்ட் செய்தபோது டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. நியாயமாகச் சொன்னால் சத்தமும் நன்றாகத்தான் இருந்தது. மெதுவாகப் போகையில் அடித்தொண்டையில் ஒரு முனகல். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால்தான் அது திறந்துகொள்ளும்.

பரிசோதனை நாள் வந்தது. வேஷம் போட வேண்டும். பின்னால் இருக்கிற உறுமல் குழாயை அவிழ்த்து ஒரிஜினல் சைலன்சரையும் புகை வடிகட்டியையும் மாட்டியாகிவிட்டது. முன்னால் இருக்கிற ஆறு குழாய்களையும் கழற்றி, பழைய வார்ப்பிரும்பை ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. உறுமலுக்கு மனசு வரவில்லை. பழைய ஹெட், போல்ட்டைத் தொட்டால் முறியும் என்று டாக்டரிடம் காரணம் சொன்னான். காரணமாவது மண்ணாவது! பெற்ற பிள்ளையின் முகத்தில் கரியைப் பூசச் சொன்ன மாதிரி இருந்தது அவனுக்கு. புகை அளவு சரியாக வருகிறது, சத்தம் இல்லை, புதன்கிழமை, பானெட்டை யார் திறக்கப் போகிறார்கள்? அப்படியே அனுப்பிவிட்டான். கடைத்தெருவில் எந்தக் கத்துக்குட்டியும் செய்யாத தப்பு. வேலையில் கை தேர்ந்து, அந்த வேலையின் மேல் மோகமும் கொண்டவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

அந்தப் புதன்கிழமை பார்த்து நாற்காலிக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. விடுமுறையில் இருந்த அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள்.

நடந்ததை டாக்டர்தான் சாயங்காலம் வந்து சொன்னார். அதிகாரி பானெட்டைத் திறந்தாராம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் குனிந்து பார்த்தாராம். ஒரு விரலால் குழாயைத் தொட்டாராம். யாரிடம் செய்தது என்று கேட்கவில்லை. பானெட்டைச் சத்தம் வராமல் சாத்தினார். 'இன்ஜினில் மாற்றம் இல்லை' என்ற இடத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். உறுமல் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் வழக்கம்போலச் சாப்பாடு நடந்தது. அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வரைக்கும் வந்தது. அண்ணி தண்ணீர் செம்போடு வந்ததும் விழுங்கிவிட்டான்.

மூன்று வாரம் கழித்து, ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் அழுத்திய அழுத்தலில் யாரோ புகார் கொடுத்தார்கள். போலீஸ்காரர்கள் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, படம் பிடித்தார்கள். சான்றிதழை எடுத்துப் பார்த்தால் மை காயாத கையெழுத்து. டாக்டர் தான் தப்பித்துக்கொள்ள, வண்டியை வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அப்படியானால் பரிசோதனை அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது, அதிகாரி தெரிந்தே விட்டார் என்று ஆகிவிட்டது. ஓய்வு பெறப் பதினான்கு மாதம் இருக்கையில் அண்ணனுக்கு விசாரணை. தம்பி என்ன தொழில் செய்கிறான் என்பதைக் கூடத்தில் எவனோ போட்டுக் கொடுக்க, உறுமலுக்கும் ஆஜராகச் சொல்லிக் கடிதம் வந்தது.

அண்ணி பட்டறைக்கு வந்தாள். அந்தக் கொட்டகைக்குள் அந்தக் குடும்பத்திலிருந்து முதலில் நுழைந்தது அவள்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பரிசோதனை முடிஞ்சதுக்கு அப்புறம்தான் மாத்தினேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க தம்பி. அவர் பார்த்தப்போ வண்டி சரியாத்தான் இருந்துச்சுன்னு ஆயிடும். கடையை மூடச் சொல்லுவாங்க. தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறேன்."

"அண்ணன் அனுப்பினாரா?"

"அவர் கேப்பாரா? உங்களைப் பத்தி அவர் வாயே திறக்கறதில்ல."

உறுமல் கையில் இருந்த துணியைத் திரும்பத் திரும்பப் பிழிந்தான். "நான் பார்த்துக்கறேன் அண்ணி" என்றான். அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு போனாள். பாவம், வாழ்நாள் முழுக்கப் பேசிய மொழியில் இந்த வார்த்தைக்கு எத்தனை நழுவல் உண்டு என்பது அன்றைக்கு அவளுக்கு மறந்துவிட்டது.

விசாரணை அறையில் நீள மேஜை, மூன்று அதிகாரிகள், தலைக்கு மேல் கடகடக்கிற மின்விசிறி. அண்ணன் சுவரோரம் ஒரு மர நாற்காலியில், துவைத்து மடிப்புக் கலையாத சட்டையோடு, கைகளை முழங்கால்மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். உறுமல் நின்றான். வரும் வழியெல்லாம் அண்ணி சொன்ன வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் வந்தான். எப்படியும் ஒரு பொய் சொல்லியாக வேண்டும். யாருக்காகச் சொல்வது என்பதுதான் பாக்கி.

நடுவில் இருந்த அதிகாரி ஒரு படத்தை மேஜையில் தள்ளினார். பெரிதாக்கிய படம். ஆறு குழாய்களும் பளிச்சென்று இருந்தன. நாலாவது வளைவில் வெல்டிங் சூட்டில் விழுந்திருந்த நீலச் சாயல்கூடத் தெரிந்தது.

"நல்ல வேலைக்காரன் செஞ்சிருக்கான்," என்றார் அவர். "இது உங்க பட்டறையில செஞ்சதா?"

அந்த ஒரு கணத்தில் அவன் நினைத்தது அண்ணனை அல்ல. கொட்டகைக் கதவில் அரக்கு முத்திரை விழுவதை நினைத்தான். வெளியே வரிசையில் நிற்கிற வண்டிகளை நினைத்தான். நாற்பத்தாறு வயதில் இன்னொருவன் கடையில் போய்க் கைகட்டி நிற்பதை நினைத்தான். அண்ணனுக்கு மிஞ்சிப் போனால் ஒரு கண்டிப்புதான் கிடைக்கும், இத்தனை வருடச் சேவையைப் பார்க்க மாட்டார்களா என்று தனக்குத் தானே பூசி மெழுகிக்கொண்டான்.

"இல்லைங்க. இது என் வேலை இல்ல. இந்த அளவுக்கெல்லாம் எனக்கு வராதுங்க."

நாக்குக் கூசாமல் சொன்னான். அதிகாரி அண்ணன் பக்கம் திரும்பி, இந்த வெல்டிங் யாருடையது என்று உங்களுக்கு அடையாளம் தெரிகிறதா என்று கேட்டார். அண்ணன் படத்தைப் பார்க்கவே இல்லை. தெரியவில்லை என்றார். பானெட்டைத் திறந்து பார்த்தீர்களா என்றார்கள். பார்த்தேன் என்றார். பிறகு ஏன் எழுதவில்லை என்றார்கள். மூன்று முறை கேட்டுப் பார்த்துவிட்டு, பதில் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வேலை போயிற்று, ஓய்வூதியமும் கிடையாது. கண்டிப்பு என்ற பேச்சே எழவில்லை.

வெளியே வந்து இருவரும் பஸ் நிறுத்தம்வரை நடந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. அண்ணன் நடுத்தெருவில் நிறுத்தி வைத்துத் திட்டுவார், செருப்பைக் கழற்றுவார் என்றுகூட உறுமல் எதிர்பார்த்தான். திட்டிவிட்டால் தேவலை என்று இருந்தது. நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை.

"உன் கடைய காப்பாத்தணும்னு நான் கையெழுத்துப் போடலடா," என்றார் அண்ணன். குரலில் கோபம் இல்லை. "எல்லாரும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்காங்க. உங்க அண்ணியும்தான். இருபத்திரண்டு வருஷமா நீ என்ன செய்யறேன்னு நான் பார்த்ததே இல்ல. அன்னைக்குத்தான் பார்த்தேன். ஆரம்பத்துல அந்த மெஷின்ல நீ ஓட்டிப் பழகின அதே ஓட்டம், நீதான்னு பார்த்த உடனே தெரிஞ்சுது. என் தம்பி இவ்ளோ பெரிய வேலைக்காரனான்னு இருந்துச்சு. அதைப் போய்த் தப்புன்னு எழுதக் கை வரல."

"அண்ணா" என்றான் உறுமல்.

"இப்ப நீயே அது உன்னோடது இல்லன்னுட்ட," என்றார் அவர்.

பஸ் வந்தது. அண்ணன் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக ஏறினார். அவர் பின்னாலேயே உறுமலும் காலைத் தூக்கிப் படியில் வைத்தான். அண்ணன் திரும்பாமலே சொன்னார்.

"நீ அடுத்த பஸ்ல வா."