இஸ்திரிக்காரி கட்டின வீடு

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். இஸ்திரிக்காரி ஒரு தெருவையே புருஷனிடம் மறைத்தாள்.

புருஷன் கொத்தனார். சர்க்கரை வியாதியில் கண் போய்விட்டது. தன் கையால் கட்டிய வீட்டை இடிக்க வருகிறார்கள் என்று கேட்டதும், "என் பொணம்தான் இங்கேருந்து போகும்" என்றார். சொன்ன வாரமே பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். அதற்குள் தெரு தரைமட்டம். எல்லாரையும் லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே மாடிக் குடியிருப்பில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

தெரிந்தால் மனுஷன் உயிர் தங்காது என்று பயந்தாள் அவள். அந்த மாடி அறையில் பழைய வீட்டை அப்படியே பரப்பினாள். அதே மூலையில் கட்டில், தலைமாட்டில் தண்ணீர்ச் சொம்பு, கைக்கெட்டும் உயரத்தில் சட்டை மாட்டும் ஆணி. அரைமயக்கத்தில் தூக்கி வந்தவரிடம், "வீட்டுக்கு வந்துட்டோம்" என்றாள்.

"தெருவுல சத்தத்தையே காணோமே?"

"உங்களுக்குக் காது மந்தமாயிடுச்சு."

அக்கம்பக்கத்தாரும் ஒத்துப் பாடினார்கள்.

ஒரு நாள் ஜெபிக்க வந்த போதகர், அன்றைக்கு வாசிக்க வேண்டிய பாகமென்று இயேசுவின் வம்ச வரலாற்றை வாசித்தார். அவள் ஓரமாக நின்று துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். கொத்தனார் நடுவில் மறித்தார்.

"ஐயா, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனாங்கன்னு வருதே, எல்லாரையும் ஜெயில்லயா போட்டாங்க?"

"இல்லீங்க. கிரேக்கத்துல அந்த வார்த்தைக்குக் குடிமாத்துறதுன்னுதான் அர்த்தம். இருந்த வீட்ட விட்டுக் கெளப்பி, வேற எடத்துல கொண்டுபோய்க் குடிவெக்கிறது."

"அவ்வளவுதானா?"

"வார்த்தை அவ்வளவுதான்."

கொத்தனார் தலைமாட்டுச் சொம்பைத் தடவிப் பார்த்தார்.

"கூட்டிட்டுப் போறப்ப அவங்க முழிச்சிருந்தாங்களா ஐயா?"

போதகருக்கு ஒன்றும் புரியவில்லை. இஸ்திரிக்காரிக்குப் புரிந்தது. பெட்டி சட்டைமேல் அப்படியே நின்றுபோனது. கருகல் வாடை கிளம்பியது.

"பெட்டியத் தூக்கு, ஊரான் சட்டை" என்றார் கொத்தனார்.

போதகர் கிளம்பிப் போனதும், விளங்கும் கையைச் சுவரில் வைத்தார். "மொத நாளே தெரியும். இது என் பூச்சு இல்ல."

"ஏன் சொல்லல?"

"நீ பாடுபட்டு ஒரு வீடு கட்டி வெச்சிருக்க. அத நான் எப்படி இடிக்கிறது?"

அவள் கட்டில் காலடியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"அழுவாத. இந்த வீட்டுக்குக் கதவு எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு."

சொன்னாள். அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாகிற வரைக்கும் அந்தச் சுவரில் அப்புறம் அவர் கை படவேயில்லை.