செம்பருத்தி வேலிக்கு வந்த நோவு

திருமலைக்கு உலகத்தில் ஒருத்தனையும் பிடிக்காது. பழவேற்காட்டுக் குப்பத்தில் வலை இழுத்தவன், கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் முளைத்ததும் ஒன்றில் தோட்டக்காரனாக ஒட்டிக்கொண்டான். வந்த சூட்டிலேயே செடிகொடிக்கெல்லாம் தான்தான் பிரம்மா என்ற நினைப்பு. கூட வேலை பார்த்த மோசஸ் நேற்றுவரை அடுத்தவன் வயலில் நாற்று நட்டவன். அவன் வாயைத் திறந்தால் போதும், "சேத்துல நின்னவனுக்கு இன்னாடா தெரியும்?" என்று திருமலை பாய்வான்.

இப்படிப்பட்ட மேதாவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்பெனி வாசலில் செம்பருத்தி வேலி கருகத் தொடங்கியது. இலை ஓரமெல்லாம் அடுப்பில் காட்டியது மாதிரி. சூப்பர்வைசர் துளசிராமன் கறாராகச் சொல்லிவிட்டார்: "பொங்கலுக்குள்ள நோவு இன்னான்னு கண்டுபுடி. வேலி தழைஞ்சா நீ பர்மனென்ட்டு. இல்லேன்னா ஊட்டுக்குப் போ."

அப்புறம் கேட்கணுமா அய்யாவின் வைத்தியத்தை! பூச்சி என்றான், புகையிலைத் தண்ணி தெளித்தான். மோசஸின் கவாத்து சரியில்லை என்று திட்டி, வேலியை மொட்டையடித்தான். எதிர்க் கம்பெனிப் புகைதான் காரணம் என்று அங்கிருந்த வாட்ச்மேனோடு மல்லுக்கு நின்றான். ஒவ்வொரு வைத்தியத்துக்கும் பிறகு, வேலைக்கு வந்த நாள் முதல் போட்டுவருகிற மாதிரியே, தெம்புக்காகச் செடிக்கு ஒரு கை கருவாட்டுத் தூள். பெண்டாட்டி எல்லம்மா விற்றது போக மிஞ்சிய உதிரி. குப்பத்தில் தென்னைக்கு மீன்தானே போடுவார்கள்!

பொங்கலுக்கு முந்தின வாரம் தூரில் வெள்ளை பூத்திருந்தது.

"பூஞ்சக்காளான்! டேய் மோசஸ், உன் மம்முட்டியில ஒட்டிக்கினு வந்துச்சுடா, தரித்திரம்!" என்று கத்திக்கொண்டே மண்ணைச் சுரண்டி விரலில் தேய்த்தான். அந்தக் கரகரப்பு அவனுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். மெல்ல நாக்கில் வைத்தான்.

உப்பு.

தென்னைக்குப் போட்டது பச்சை மீன் கழிவு. இவன் கொட்டியதோ உப்பில் ஊறிய கருவாடு. அடச்சீ! கடலோரம் பிறந்தவனுக்கு உப்பு தெரியவில்லை!

அந்த நேரம் பார்த்து துளசிராமன் வந்து நின்றார். "இன்னாய்யா, நோவு தெரிஞ்சுதா?"

மோசஸைக் கை காட்டினால் போதும், வேலை நிலைத்துவிடும். பொய் வாய்க்குள் தயாராகவே இருந்தது. ஆனால் நாக்கு இன்னும் கரித்தது.

"தெரிஞ்சுது சார். நான்தான்."

கருவாட்டுக் கதையைக் கேட்டு முடித்த துளசிராமன், "அப்போ பொங்கலோட நின்னுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திருமலை குழாயைத் திறந்துவிட்டான். உப்பு கரைந்து வெளியே ஓட, முழங்கால் சேற்றில் நின்று வாய்க்கால் வெட்டினான். மோசஸ் எதிர்முனையிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தான்.