கார்புரேட்டருக்குச் சூடு

அவனியாபுரத்து வாடகை ஷெட்டில் நானும் என் மனைவியின் அண்ணனும் ஆறு வருடமாக ஒரு சிறிய விமானம் கட்டினோம். விமானம் ஓட்டத் தெரிந்தவர் அவர்தான். மழை விட்ட ஒரு காலையில், தரையில் சோதனைக்காக ஓடவிட்டிருந்த எஞ்சின் திணறி நின்றது. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரைத் தொட்டேன், விரல் மரத்துப்போகும் குளிர். பெட்ரோல் ஆவியாகும் குளிரில் காற்றின் ஈரம் உறைந்து உள்ளே பனிக்கட்டி படிந்திருந்தது.

"மதுரையில ஐஸா மாப்ள?" என்று சிரித்தார்.

சுடும் புகைக்குழாயைச் சுற்றித் தகரக்கூடு அமைத்து, அதிலிருந்து சூடான காற்றைக் கார்புரேட்டருக்குக் கொண்டுபோனேன். முதல் கூடு தந்த சூடு போதவில்லை. பெரிதாகச் செய்த இரண்டாவது கூடு எஞ்சினின் அதிர்வில் பிளந்தது. மூன்றாவதை மாட்டியதும் எஞ்சின் ஒரு மணி நேரம் திணறாமல் ஓடியது. கழற்றிப் பார்த்தால், தகரத்தைப் பற்றவைத்த இடத்தில் மயிரிழை போல் ஒரு விரிசல்.

அவர் அதை வெகுநேரம் தடவிப் பார்த்தார். "மேல போனப்புறம் இது விட்டுச்சுன்னா? நான் ஏறமாட்டேன் மாப்ள."

"இன்னொண்ணு செய்றேன் மச்சான்."

"எம்புட்டுத்தான் செய்வ?"

என் மகளை அதில் ஏற்றுவேனா என்று யோசித்தேன். மாட்டேன். அன்று மாலையே இருவரும் இறக்கைகளைக் கழற்றிச் சுவரோரம் சாத்தினோம். பிறகு அந்த எஞ்சினை நாங்கள் ஓட்டவே இல்லை.