இரண்டாவது கரண்டி

பொம்மனஹள்ளி வீட்டுக் கூடத்தில் நாலடி நீளத்துக்கு ஒரு கடல்மீன் தொட்டி வைத்திருந்தேன். இப்போது அந்த இடத்தில் புத்தக அலமாரி நிற்கிறது. உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி வெளுத்துப்போன தரை மட்டும் அலமாரிக்கு அடியிலிருந்து கொஞ்சம் தெரியும். வீடு துடைக்க வரும் அம்மா அதைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது போவாதுக்கா" என்றார். போகவேண்டாம், விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். தொட்டியும் இல்லை, அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பாவும் இல்லை. அந்தத் திட்டாவது இருந்துவிட்டுப் போகட்டும்.

எனக்குத் தண்ணீரைப் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை. போர்வெல் தண்ணீர், டேங்கர் தண்ணீர் என்று ஊரார் பாட்டில் பாட்டிலாகக் கொண்டுவந்து தருவார்கள். நைட்ரேட் இவ்வளவு, இன்னது இவ்வளவு என்று அளந்து கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. சமுத்திரத்தையே வீட்டுக்குள் கொண்டுவந்து அளந்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவள் நான். ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்பைக் கலந்து, இரண்டு கோமாளி மீன், ஒரு மஞ்சள் மீன், கல் இடுக்கில் ஒரு இறால் என்று சேர்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பச்சைப் பவளம். உள்ளங்கை அளவில் வாங்கியது, இரண்டு வருஷத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்திருந்தது. அதைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டேன் என்றால் மிகையில்லை.

என் அம்மா இறந்தபிறகு அப்பா மர்பி டவுன் வீட்டைக் காலி செய்துவிட்டு என்னோடு வந்தார். வீட்டில் நாங்கள் இருவர்தான். அவர் ஒரு பெரிய தொழிற்சாலையின் கேன்டீனில் ஆயுள் முழுக்கப் பரிமாறியவர். சின்ன வயதில் ஆயுத பூஜை அன்று எங்களை அங்கே கூட்டிப் போவார். அப்போது அவர் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். முதல் கரண்டி எல்லோருக்கும் ஒரே அளவு. இரண்டாவது சுற்று வரும்போது யார் முகத்தையும் பார்க்கமாட்டார், தட்டை மட்டும்தான் பார்ப்பார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்கமாட்டான். அவன் தட்டு வழித்துக் காய்ந்திருந்தால் கேட்காமலே இரண்டாவது கரண்டி விழும். எங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான். இரண்டாவது கரண்டி வாங்காமல் யாரும் எழுந்திருக்க முடியாது.

என்னிடம் வந்த புதிதில் அவர் பேசுவதே இல்லை. டிவி போட்டால் அணைத்துவிடுவார். இவரும் அம்மா பின்னாலேயே போய்விடுவாரோ என்று பயந்தேன். அவரைப் பேசவைத்தது அந்தத் தொட்டிதான். சாயங்காலம் நான் வேலைவிட்டு வந்ததும் செய்தி சொல்ல ஆரம்பித்தார்.

"இன்னிக்கு அந்த மஞ்சக்காரன் கோச்சிக்கினு கல்லுக்குப் பின்னாடி போயிட்டான்மா. ஒரு மணி நேரம் வெளியவே வரல."

அவன் இவன் என்று அவர் மீன்களைப் பற்றிப் பேசியதைக் கேட்டு எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் பாசி வந்தது. முதலில் கல்லின் மேல் பச்சையாக நாலு முடி. இரண்டு வாரத்தில் தொட்டி முழுக்கத் தாடி. சோதனைக் குழாயில் நைட்ரேட் மருந்தை விட்டால் தண்ணீர் பீட்ரூட் நிறத்துக்குப் போயிற்று, நைட்ரேட் அவ்வளவு ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினேன். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கல்லைத் தேய்த்தேன். பாசி தின்னும் நத்தைகளை வாங்கி விட்டேன். விளக்கைக் குறைத்தேன். உப்பு விற்றவனைத் திட்டினேன், ஆர்.ஓ. மெஷினைத் திட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஊர்த் தண்ணீருக்கெல்லாம் தீர்ப்பு எழுதுகிறவளுக்குத் தன் வீட்டுத் தண்ணீர் பிடிபடவில்லை என்றால் எவ்வளவு எரிச்சலாக இருக்கும்.

ஒருநாள் தொட்டியின் வடிகட்டிப் பையைக் கழற்றி உதறினேன். உள்ளே ஒரு சோற்றுப் பருக்கை.

"ப்பா, இதுல எப்படிச் சோறு வந்துச்சி?"

அவர் மறைக்கவில்லை. "சோறு ஒரு நாளுதான். மத்தபடி அந்த டப்பாவுல இருக்கற தீனிதான். எப்பனா கொஞ்சம் இட்லி."

"எத்தனை வேளை போடறே?"

"காலையில டிபன். பதினோரு மணி டீ. அப்புறம் மதியம், நாலு மணி டீ. நைட் ஷிப்ட்டுக்குக் கொஞ்சம்."

"நைட் ஷிப்ட்டா? இங்க யாரு நைட் ஷிப்ட்?"

"அந்த இறாலு. அது இருட்டனாதான வெளிய வருது, பாவம்."

இன்றைக்கு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாதம் முதுகு ஒடியத் தேய்த்த ஆத்திரம் முழுவதும் வாயில் வந்தது. மீன் தின்னாத மிச்சம் அழுகும், அதைத் தின்றுதான் பாசி வளரும் என்பதை நிதானமாகச் சொல்லியிருக்கலாம். நான் கத்தினேன்.

"அதுங்க கண்ணாடிகிட்ட வந்து என்னையே பாக்குதுங்கம்மா" என்றார். "பாத்துட்டு எப்படிச் சும்மா போறது?"

"உன் கையால போடறது பூரா விஷம்ப்பா. இனிமே அது பக்கமே போவாத."

தீனி டப்பாவை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

அதற்குப்பிறகு நான் செய்ததெல்லாம் வீம்பு. பாசிக்குத் தீனியாகிற பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புத் தூளை வாங்கி வடிகட்டியில் போட்டேன். மீனுக்கு இரண்டு நாளைக்கு ஒருவேளை தீனி. ஒரே மாதத்தில் பாசி போன இடம் தெரியவில்லை. நைட்ரேட் சைபர், பாஸ்பேட் சைபர். படமெடுத்து ஆபீசில் எல்லோருக்கும் காட்டினேன். வீட்டில் அப்பா சாயங்காலச் செய்தியை நிறுத்தியிருந்தார். சாப்பிடும்போது இரண்டாவது கரண்டிக்குக் குழம்பை எடுத்தால் தட்டின் மேல் கையை வைத்து, "போதும்மா" என்பார். வயதாகிறது, அளவோடு சாப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு பவளம் வெளிற ஆரம்பித்தது. காற்றில் நெல் நாற்று ஆடுகிற மாதிரி ஆடிக்கொண்டிருந்த அது, உள்ளே சுருங்கி எலும்பு தெரிய நின்றது. மணலின் மேல் பழுப்பாக ஒரு கோழை, அதில் குமிழி குமிழியாக. காலையில் அந்தக் கோழையைக் காணோம், மத்தியானத்துக்குள் திரும்ப வந்துவிடும். பயந்துபோய் நான் எழுதிவைத்திருந்த அளவுகளையும் படங்களையும் எடுத்துக்கொண்டு மீன் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். என் தாளை மேலிருந்து கீழே பார்த்தார்.

"எல்லாம் ஜீரோ ஜீரோன்னு எழுதியிருக்கீங்க. ஊட்டா எங்க மேடம்?"

ஊட்டா என்றால் சாப்பாடு. "பாசி வரக்கூடாதுன்னுதான்" என்றேன்.

"பாசி ஜாஸ்தி ஊட்டாவுக்கு வரும், சரி. ஆனா சுத்தமா தொடச்சி எடுத்தா இந்தக் கோழைதான் வந்து உக்காரும். பவளத்துக்கும் வயிறு இருக்கு இல்ல? அது பட்டினியில சாவுது மேடம். அந்தத் தூளை எடுத்துடுங்க. தினமும் ஸ்வல்ப ஊட்டா போடுங்க."

ஓசூர் ரோடு நெரிசலில் பஸ் நின்றுகொண்டே இருந்தது. ஊட்டா எங்க மேடம் என்ற கேள்வி காதிலேயே இருந்தது. தட்டின் மேல் வைத்த அப்பாவின் கை ஞாபகம் வந்தது. அந்தக் கையைத் தூக்கினால் வாட்ச் முழங்கை வரைக்கும் இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. தண்ணீரில் புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கம் வரைக்கும் பார்க்கிறவள் நான். அவ்வளவு பேர் நடுவே எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து டப்பாவை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன்.

"வாப்பா. உன் ஆளுங்களுக்குச் சாப்பாடு போடணும்."

அவர் திரும்பவில்லை. "என் கை விஷம்னியே."

"தப்பா சொல்லிட்டேன்ப்பா. நான்தான் அதுங்களப் பட்டினி போட்டுட்டேன்."

அப்பா டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு எழுந்து வந்து தொட்டியைப் பார்த்தார். பவளத்தின் கோலத்தைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. "என்னம்மா இப்படி எளச்சிப் போச்சி" என்றார். எத்தனை வேளை போடலாம் என்று கேட்டார்.

"ரெண்டு வேளை. நைட் ஷிப்ட்டுக்கு ஒரு சிட்டிகை. இட்லி மட்டும் வேணாம்."

பவளத்தில் பாதி செத்துப்போயிற்று. மீதிப் பாதி மெதுவாகப் பிழைத்து, அப்பா இருந்த வரைக்கும் ஆடிக்கொண்டிருந்தது. கல்லில் எப்போதும் கொஞ்சம் பாசி இருக்கும், அதை நான் கண்டுகொள்வதில்லை.

டப்பாவைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முள்ளங்கி சாம்பார். முதல் கரண்டி சாதம் தீர்ந்தது. நான் இரண்டாவது கரண்டியை எடுத்ததும் அவர் கை வழக்கம்போலத் தட்டின் மேல் வந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டை மட்டும்தான் பார்த்தேன். கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அப்பா கையை எடுத்தார்.