ஜெயில் பேண்டு

வடகரைப் பிச்சைமணி வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் மண்வெட்டியை ஓங்கியபோது, சித்தப்பா மகன் செத்துப்போவான் என்று நினைக்கவில்லை. செத்துப்போனான். பாளையங்கோட்டை ஜெயிலில் பத்து வருஷத்துக்கு மேல் கிடந்தார். டிரம்பெட் ஊதப் படித்தது அங்கே, கைதிகள் பேண்டில்தான்.

வெளியே வந்ததும் ஊர்ப்பக்கம் போகவில்லை. மனைவி காளீஸ்வரியோடு தென்காசியில் வாடகைக்கு இருந்துகொண்டு, உள்ளே டிரம் அடித்த அல்தாப்பையும் இன்னும் மூன்று பேரையும் தேடிப்பிடித்தார். எல்லாரும் தண்டனை முடிந்து வந்தவர்கள். அதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. 'சாரல் பேண்டு' என்று பெயர் வைத்தார்கள். குற்றாலம் மண்டபங்களில் மாப்பிள்ளை அழைப்பென்றால் அவர்களைத்தான் கூப்பிட்டார்கள். ஒரு பெண்வீட்டுப் பெரியவர், "இன்னொருக்கா ஊதும்வே" என்று கையைப் பிடித்துக் கேட்டதை, பிச்சைமணி காளீஸ்வரியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

அப்புறம் ஒரு யூடியூப்காரன் வந்தான். எப்படியோ விஷயம் தெரிந்திருந்தது. நல்லது செய்வதாக நினைத்துத்தான் வீடியோ போட்டான்: 'கொலைக் கைதிகளின் கல்யாணக் கச்சேரி'. ஊரே பார்த்தது. பேசி வைத்திருந்த வீடுகள் எல்லாம், "மாப்ள வீட்ல வேண்டாங்காவ" என்று போனை வைத்தன. அல்தாப்பை வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னார்.

ஆவணியில் பாவூர்சத்திரம் காய்கறி வியாபாரி விஜயசங்கர் வந்தார். மகளுக்குக் கல்யாணம்.

"வீடியோ பாத்தேன் அண்ணாச்சி. அஞ்சு பேரும் ஜெயில் டிரஸ்லயே வாங்க. தொப்பி, நம்பர் எல்லாம் இருக்கணும். மண்டபமே அசந்துரும்லா!"

அவர் போனதும் அல்தாப் எழுந்துவிட்டான். "உள்ள போட்டத வெளிய வந்தும் போடணுமா அண்ணாச்சி? என்னால முடியாது."

மற்றவர்கள் பிச்சைமணியின் முகத்தைப் பார்த்தார்கள். வேறு யாரும் கூப்பிடவில்லை.

"தைக்கக் குடுங்கலே," என்றார்.

அல்தாப் இல்லாமலே போனார்கள். மண்டபத்தில் பாட்டை யாரும் கேட்கவில்லை. தோளில் கைபோட்டு செல்பி எடுத்தார்கள். குடித்திருந்த ஒருவன் காதோரம் வந்து, "யார வே கொன்னீரு?" என்றான். பிச்சைமணி டிரம்பெட்டை வாயிலிருந்து எடுக்காமல் ஊதிக்கொண்டே இருந்தார்.

வீட்டில் அழுக்குத் துணியோடு கிடந்த அந்த உடுப்பைக் காளீஸ்வரி காலால் ஒதுக்கினாள்.

"கம்பிக்கு அங்கிட்டு இதப் பாத்துப் பாத்து அழுதவ நான். என்னையத் துவைக்கச் சொல்லுதியளா?"

அவர் குனிந்து உடுப்பை எடுத்துக்கொண்டார். தானே கல்லில் அடித்துத் துவைத்துக் காயப்போட்டார். மறுநாள் செங்கோட்டையில் முகூர்த்தம்; அந்தக் கல்யாண வீட்டாரும் இதே உடுப்பைத்தான் கேட்டிருந்தார்கள்.